தாம்சன் அணுவுக்குப் பச்சைத் தோல்

எட்டாம் வகுப்பு விடைத்தாள் ஒன்றில் தாம்சனின் அணு மாதிரியை வரைந்து பாகம் குறித்திருந்தான் ஒரு மாணவன். அழகான வட்டம். உள்ளே சிவப்பு, நடுநடுவே கறுப்பு விதைகள், சுற்றிலும் பச்சை. விதைகளுக்கு ‘எலக்ட்ரான்’, சிவப்புக்கு ‘நேர்மின்சுமை’ என்று அம்புக்குறி. பச்சைக்கும் ஓர் அம்புக்குறி இழுத்து ‘தோல்’ என்று எழுதியிருந்தான்.

சிரித்துக்கொண்டே அரை மதிப்பெண்ணைக் குறைத்தேன். நாலைந்து தாள் கழித்து இன்னொரு தோல். பிறகு இன்னொன்று. கட்டு முடிவதற்குள் ஒன்பது தோல்கள் வந்துவிட்டன. ஒருவன் செய்தால் அவன் கவனிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஒன்பது பேர் செய்தால் பாடம் நடத்தியவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

நான் வகுப்பில் சொன்னது இதுதான்: “தாம்சன் மாதிரி தர்பூசணி மாதிரி.” சொல்லும்போது எதுகை மோனையோடு நன்றாகத்தான் இருந்தது. தமிழில் ‘மாதிரி’ என்ற சொல் ‘போல’ என்றும் பொருள்படும், அறிவியல் மாதிரியையும் குறிக்கும். அணு தர்பூசணியைப் போல இருக்கும் என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு விஞ்ஞானி தன் கையிலிருந்த சான்றுகளை வைத்துக் கட்டிய கற்பனை இது என்பதை நான் சொல்லவே இல்லை. இப்போதெல்லாம் இந்த அத்தியாயத்தில் ‘போல’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘போல’ என்று மட்டுமே சொல்வேன். ‘மாதிரி’யை அணு மாதிரிக்கு என்று ஒதுக்கி வைத்துவிட்டேன். வாய் தவறினால் பிள்ளைகளே திருத்துகிறார்கள்.

சொல்லால் வந்த தொல்லை இன்னொன்றும் உண்டு. “வெள்ளையணுவுக்குள்ள எத்தனை எலக்ட்ரான் இருக்கும் மிஸ்?” என்று ஒரு பெண் கேட்டாள். உயிரணு, சிவப்பணு, வெள்ளையணு எல்லாம் உயிரியல் பாடத்தில் ஏற்கெனவே வந்துபோனவை. அவளைப் பொறுத்தவரை எல்லாமே அணுதான். போதாக்குறைக்கு அங்கேயும் ஓர் உட்கரு, இங்கேயும் ஓர் அணுக்கரு. ஒரு சிவப்பணுவுக்குள் லட்சக்கணக்கான கோடி அணுக்கள் இருக்கின்றன என்று சொன்னபோது வகுப்பில் பாதிப் பேர் முகத்தில் வியப்பு. அதுவரை இரண்டும் ஒன்றென்றே நினைத்திருந்திருக்கிறார்கள். தமிழ் வழியில் நடத்துபவர்கள் முதல் பீரியடிலேயே ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைத் தீர்த்துவிடுவது நல்லது.

அந்தக் காலத்தில் என் பாடம் இப்படி இருக்கும்: ஒரு சார்ட், அதில் வரிசையாக ஐந்து வட்டங்கள், ஒவ்வொன்றின் கீழும் பெயரும் ஆண்டும். டெமாக்ரிட்டஸ், டால்டன், தாம்சன், ரூதர்ஃபோர்டு, போர். இரண்டு பீரியடில் கதை முடிந்துவிடும். முதல் நாளே கடைசி வட்டத்தையும் பார்த்துவிட்டவர்களுக்கு முந்தைய நான்கு பேரும் ஏதோ புரியாமல் உளறியவர்களாகத்தான் தெரிவார்கள். “எல்லாம் தப்புன்னா கடைசி ஒண்ண மட்டும் படிச்சா போதாதா மிஸ்?” என்று கேட்டவனுக்கு என்னிடம் உருப்படியான பதில் இல்லை.

பிறகு சார்ட்டைச் சுருட்டி அலமாரிக்கு மேலே போட்டேன். ஒரு விதி வைத்துக்கொண்டேன்: எந்த மாதிரியில் இருக்கிறோமோ அதற்கு அடுத்ததன் பெயரைக்கூட உச்சரிக்கக் கூடாது. பிள்ளைகள் டால்டனை நம்ப வேண்டும், தாம்சனை நம்ப வேண்டும். அதில் நின்றுகொண்டு, அடுத்து என்ன நடக்கும் என்று அவர்களே எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் நடந்ததைச் சொல்வேன். டியூஷனில் முன்கூட்டியே படித்துவிட்டு வருபவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் தனியாகச் சொல்லிவைத்தால் ரகசியத்தைப் பெருமையாகவே காப்பாற்றுகிறார்கள்.

முதல் நாள் அணு என்ற பேச்சே கிடையாது. ஆறு அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஏதோ ஒரு பொருள். சிலவற்றில் அட்டைத் தடுப்புகளும் ஒட்டியிருப்பேன். சுற்றிலும் டேப் போட்டு மூடியிருக்கும். ஆட்டலாம், சாய்க்கலாம், எடை போடலாம், காந்தம் காட்டலாம். திறக்க மட்டும் கூடாது. உள்ளே இருப்பதை வரைய வேண்டும், ஏன் அப்படி வரைந்தோம் என்றும் எழுத வேண்டும்.

முதல் வருடம் பீரியட் முடியும்போது பெட்டிகளைத் திறந்து காட்டினேன். அதுதான் நான் செய்த பெரிய பிழை. “எங்களோடது கரெக்ட்”, “உங்களோடது தப்பு” என்று ஒரே கூச்சல். பக்கம் பக்கமாக எழுதியிருந்த காரணங்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வருடத்திலிருந்து திறப்பதில்லை. அணுவையும் யாரும் திறந்து காட்டப் போவதில்லை என்பேன். கோபித்துக்கொள்வார்கள். பத்தாம் வகுப்புக்குப் போன பிறகும் வராந்தாவில் மடக்கி, “இப்பவாவது சொல்லுங்க மிஸ்” என்பவர்கள் உண்டு.

டெமாக்ரிட்டஸுக்குப் பத்து நிமிடம் போதும். ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்தில் ஒருவர், பொருளை வெட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் வெட்ட முடியாத துகள் வரும் என்றார், அதற்குச் சோதனை எதுவும் செய்யவில்லை என்பதோடு நிறுத்திவிடலாம். காகிதத்தைப் பாதி பாதியாகக் கிழிக்கச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் ஈடுபாடு இல்லை, வகுப்பு குப்பையாவதுதான் மிச்சம்.

டால்டன்தான் பலர் அவசரமாகத் தாண்டிப் போகும் இடம். ‘அணு பிளக்க முடியாத திண்மக் கோளம்’ என்று ஒரு வரி எழுதிப்போட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த மனிதர் ஏன் அப்படி நினைத்தார் என்ற கேள்விக்குள் நல்ல கணக்கு ஒன்று இருக்கிறது. 12 வயதிலேயே பள்ளியில் பாடம் சொல்லத் தொடங்கியவர் டால்டன். 13 வயதுப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நான் செய்வது போல்ட், நட்டு விளையாட்டு. ஒரு போல்ட் 15 கிராம், ஒரு நட்டு 5 கிராம் என்று ஒரே அளவாகப் பொறுக்கி வைத்திருக்கிறேன். முதல் பொட்டலத்தில் நான்கு போல்ட், ஒவ்வொன்றிலும் ஒரு நட்டு. இரண்டாவதில் அதே நான்கு போல்ட், ஒவ்வொன்றிலும் இரண்டு நட்டு. மூன்றாவதில் மும்மூன்று. தடித்த துணியில் இறுக்கிக் கட்டிவிடுவேன், தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதபடி. உள்ளே ‘க’, ‘ச’ என்று இரண்டு பொருள்கள் இருக்கின்றன, எல்லாப் பொட்டலத்திலும் ‘க’ 60 கிராம், மீதி ‘ச’ என்று மட்டும் சொல்வேன். டிஜிட்டல் தராசில் நிறுத்தால் 80, 100, 120 வரும். 60-ஐக் கழித்தால் 20, 40, 60.

“ஏன் 27 வரல? 33 வரல?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்த மௌனம் எனக்குக் கைவர இரண்டு வருடம் ஆனது. மூன்று நிமிடம் யாரும் பேசாமல் இருப்பார்கள், நாம் பதறிப்போய்ப் பதிலைச் சொல்லிவிடுவோம். சொல்லாமல் இருந்தால் யாராவது ஒருவர் வந்து சேருவார். ஒரு முறை கடைசி பெஞ்சுப் பையன் சொன்னான்: “அது மாவு மாதிரி இல்ல மிஸ். துண்டு துண்டா இருக்கு. அரைத் துண்டு போட முடியல.” (அவன் சொன்ன ‘மாதிரி’யை அன்றைக்கு மன்னித்துவிட்டேன்.) அப்போதுதான் கரும்பலகையில் 12 கிராம் கார்பனை எழுதுவேன். அது 16 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு, 32 கிராமோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு. 16-க்கு 32. அந்தப் பையன் தன் 20-க்கு 40-ஐத் திரும்பிப் பார்க்கிறான். டால்டன் பார்த்ததும் இதே வகை விகிதங்களைத்தான்.

பொட்டலத்தைப் பிரித்த பிறகு ஒரு மாணவி மடக்கினாள்: “நாலு போல்ட்டுக்கு அஞ்சு நட்டு போட்டா 25 வருமே?” அருமையான கேள்வி. ஐந்து போட்டால் ஒரு போல்ட்டில் மட்டும் இரண்டு நட்டு இருக்கும், மற்றவை அதிலிருந்து வேறுபடும். ஒரு சேர்மத்தின் துகள்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும் என்று டால்டன் வைத்துக்கொண்டதால்தான் 25 வராது. அது ஓர் அனுமானம் என்பது அவளால்தான் வகுப்புக்குத் தெரிந்தது. எனக்கே அன்றுதான் அது முழுதாக உறைத்தது.

டால்டன் சறுக்கிய இடத்தையும் மறைக்காமல் காட்டுங்கள். தண்ணீரில் ஒரு ஹைட்ரஜனும் ஓர் ஆக்சிஜனும் என்று அவர் நினைத்தார். இரண்டு தனிமங்கள் சேர்ந்து ஒரே ஒரு சேர்மம்தான் தெரியவந்திருந்தால் ஒன்றுக்கு ஒன்று என்ற எளிய கூட்டையே எடுத்துக்கொள்வது அவர் வழக்கம். 1808-ல் அவர் நூலில் ஆக்சிஜனின் எடை 7 என்றிருக்கிறது. இன்றைய அளவீட்டின்படி தண்ணீரில் 1 கிராம் ஹைட்ரஜனுக்கு 8 கிராம் ஆக்சிஜன். ஒன்றுக்கு ஒன்று என்றால் ஆக்சிஜன் 8, இரண்டுக்கு ஒன்று என்றால் 16. இதைப் பிள்ளைகளே போட்டுப் பார்க்கட்டும். தராசு பொய் சொல்லாவிட்டாலும் எண்ணிக்கையைத் தப்பாக ஊகித்தால் விடை தவறும் என்று புரிந்துகொள்கிறார்கள். புரிந்த பிறகு யாரும் டால்டனைக் கேலி செய்வதில்லை.

தாம்சனுக்குப் போகுமுன் ஒரு செல்லோ டேப் சோதனை. மேசையில் ஒரு டேப்பை ஒட்டி அதன்மேல் இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள். மேலிரண்டையும் சேர்த்தே உரித்து, விரலால் ஒருமுறை நீவி, பிறகு சடக்கென்று பிரியுங்கள். ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். இரண்டு குழுக்களின் மேல் துண்டுகளை அருகே கொண்டுவந்தால் விலகி ஓடும். கொஞ்சம் முன்புவரை எந்த மின்சுமையும் காட்டாத பொருளுக்குள் இரண்டு வகை மின்சுமையும் இருந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிக்கனமான சாட்சி கிடையாது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் மட்டும் டேப் காலை வாரிவிடும், தள்ளிப்போடுங்கள்.

கேத்தோடு கதிர்க் குழாய்க்கு, அதாவது வாயுவைப் பெரும்பாலும் வெளியேற்றிவிட்டு உள்ளே மின்சாரம் பாய்ச்சும் கண்ணாடிக் குழாய்க்கு, காணொளிதான், வேறு வழியில்லை. அங்கே ஒரே ஒரு செய்தியை அழுத்திச் சொல்லுங்கள். 1897-ல் கேம்பிரிட்ஜில் தாம்சன் மின்வாயின் உலோகத்தை மாற்றிப் பார்த்தார், குழாய்க்குள் இருந்த வாயுவை மாற்றிப் பார்த்தார். எதை மாற்றினாலும் கதிரில் வந்த துகளின் சுமைக்கும் நிறைக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ அதேதான். அப்படியானால் அது எல்லாப் பொருளுக்கும் பொதுவான உதிரி. பாடநூல் சுருக்கத்தில் இந்த வரி விழுந்துவிடுகிறது. அது இல்லாவிட்டால் ‘எலக்ட்ரானைக் கண்டுபிடித்தார்’ என்பது மந்திரம்போல ஆகிவிடும்.

இனிச் சிக்கலைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடலாம். அணு மொத்தத்தில் சுமையற்றது. அதற்குள் எதிர்மின் உதிரிகள் இருக்கின்றன. அவை மிக லேசு, ஹைட்ரஜன் அணுவின் நிறையில் சுமார் 1836-ல் ஒரு பங்கு. மீதியை நீங்களே வரையுங்கள். பெரும்பாலோர் தாம்சன் 1904-ல் விவரித்ததற்குப் பக்கத்தில் வந்துவிடுகிறார்கள்: பரவலான நேர்மின் உருண்டை, உள்ளே எலக்ட்ரான்கள். அவருடையதில் எலக்ட்ரான்கள் வளையங்களாகச் சுற்றிக்கொண்டிருந்தன, விதைபோலப் பதிந்து கிடக்கவில்லை. இந்த மாதிரிக்கு வழங்கும் ‘பிளம் புட்டிங்’ (உலர்பழம் பதித்த ஆங்கிலேய இனிப்பு) என்ற பெயரும் அவர் வைத்ததல்ல. பிள்ளைகளின் படங்களைச் சுவரில் ஒட்டுகிறேன். தர்பூசணி கடைசியில் ஒரு வாக்கியமாக வரும், “தோல் இல்லாதது” என்ற எச்சரிக்கையோடு.

ரூதர்ஃபோர்டுக்கு முழுதாக இரண்டு பீரியட் வேண்டும், இங்கே கஞ்சத்தனம் கூடாது. முதல் பீரியடில் முடிவைச் சொல்ல மாட்டேன். கதிரியக்கப் பொருளிலிருந்து வெளிவரும் ஆல்ஃபா துகள் எலக்ட்ரானைவிட ஏறத்தாழ 7300 மடங்கு கனமானது, நேர்மின் சுமை கொண்டது, அசுர வேகத்தில் வருவது. எதிரே மிக மெல்லிய தங்கத் தகடு. சுவரில் நீங்கள் ஒட்டிய அணு உண்மையென்றால் என்ன ஆகும்? ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். கையெழுத்து கட்டாயம். போட்டால்தான் மறுநாள் “நான் அப்பவே நெனச்சேன்” என்று நழுவ முடியாது. “கொஞ்சம் வளையும்”, “நேராப் போயிடும்”, இவைதான் அநேகமாக எல்லாத் துண்டிலும் இருக்கும். ‘திரும்பி வரும்’ என்று எழுதுபவர் டியூஷன்காரராகத்தான் இருப்பார்.

அதே பீரியடின் மிச்சத்தில் ஜன்னல்களை மூடி, மூலையில் ஒரு சிறு எல்.இ.டி.யைத் தாறுமாறாக விட்டு விட்டு மினுக்குவேன். ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் எண்ணிக்கையே ஒத்துப்போகாது. ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் இருந்த கைகரும், அப்போது 20 வயது மாணவராக இருந்த மார்ஸ்டனும் மான்செஸ்டரில் இருட்டறையில் நுண்ணோக்கி வழியாக, ஆல்ஃபா துகள் பட்டால் ஒளிரும் துத்தநாக சல்ஃபைடு திரையில் விழுந்த பொட்டுப் பொட்டான மினுக்கங்களை இப்படித்தான் எண்ணினார்கள். பின்னாளில் கதிர்வீச்சை எண்ண ஒரு கருவிக்கே பெயர் கொடுத்தவர் இந்தக் கைகர் என்றால் பிள்ளைகளுக்குக் காரணம் விளங்கிவிடும்.

மறுநாள், கையெழுத்திட்ட துண்டுகளை மேசையில் பரப்பிவைத்துவிட்டுச் சொல்வேன்: 1909-ல் பிளாட்டினத் தகட்டில் மோதவிட்டுப் பார்த்தபோது ஏறத்தாழ 8000-ல் ஒன்று திரும்பி வந்தது. வகுப்பு ஒரு கணம் அமைதியாகும். 15 அங்குல பீரங்கிக் குண்டை மெல்லிய காகிதத்தில் சுட்டு, அது திரும்பி வந்து சுட்டவரையே தாக்கியதுபோல இருந்தது என்று ரூதர்ஃபோர்டு பின்னாளில் நினைவுகூர்ந்ததை அப்போது சொன்னால்தான் எடுபடும். முதல் நாளே சொல்லிவிட்டால் அது வெறும் மேற்கோள். அதன் பிறகுதான் முடிவு: அணுவின் நேர்மின்சுமையும் பெரும்பகுதி நிறையும் நடுவே சின்னஞ்சிறு அணுக்கரு ஒன்றில் செறிந்திருக்கின்றன. (ஒரு புத்தகத்தில் 12,000-ல் ஒன்று, இன்னொன்றில் 20,000-ல் ஒன்று என்று பார்த்துக் குழம்புவார்கள். உலோகம், தடிமன் எல்லாவற்றையும் பொறுத்து அந்த எண் மாறும்.)

இங்கே நான் இரண்டு பள்ளங்களில் விழுந்திருக்கிறேன். முதலாவது கோலிக்குண்டு. பலகைக்கு அடியில் ஒரு மரக்கட்டையை மறைத்து, கோலியை உருட்டி, அது திரும்பும் திசையை வைத்து வடிவத்தைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் ஆல்ஃபா துகள் அணுக்கருவில் ‘இடித்து’ எகிறியது என்று மனதில் பதிந்துவிடுகிறது. தொடாமலேயே மின்விலக்கு விசையால் திரும்பியது என்று எத்தனை முறை சொன்னாலும் விடைத்தாளில் ‘மோதி’தான். இப்போது கட்டைக்குப் பதில் அட்டைக்கு அடியில் ஒரு காந்தம். மேலே நூலில் தொங்கும் இன்னொரு காந்தம், ஒத்த துருவங்கள் எதிரெதிராக. ஆட்டிவிட்டால் எதையும் தொடாமல் வளைந்து போகும். நேராகக் குறிவைத்தால் திரும்பி வரும். கோலி விளையாட்டைப் பெட்டி வகுப்போடு சேர்த்துவிட்டேன்.

இரண்டாவது, கரும்பலகை. அணுக்கருவை எலுமிச்சை அளவுக்கு வரைந்து அரை அடி தள்ளி எலக்ட்ரான் போடுவேன். தங்க அணுவின் விட்டம் அதன் அணுக்கருவின் விட்டத்தைப் போல ஏறத்தாழ 20,000 மடங்கு. அணுக்கரு 5 செ.மீ. என்றால் அணு ஒரு கிலோமீட்டர் அகலம், பள்ளி வளாகத்தையே தாண்டிவிடும். இப்போது மைதானத்துக்குக் கூட்டிப்போகிறேன். 1 மி.மீ. மணி ஒன்றை நடுவில் வைத்துவிட்டு, 10 மீட்டர் தூரத்தில் வட்டமாக நிற்கச் சொல்கிறேன். மணி கண்ணுக்குத் தெரியாது. பாதி நேரம் தொலைந்தும் போய்விடும், நாலைந்து எடுத்துப் போங்கள்.

மைதானத்திலிருந்து திரும்பும்போது ஒரு கேள்வி கட்டாயம் வரும்: “அவ்வளவும் காலின்னா என் கை ஏன் மிஸ் மேஜைக்குள்ள போகல?” முதல் முறை “அது மேல் வகுப்பில் வரும்” என்று சமாளித்தேன், இன்றும் உறுத்துகிறது. கையின் எலக்ட்ரான்களும் மேசையின் எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று நெருங்கவிடுவதில்லை, மின்விலக்கு அதில் ஒரு பகுதி, மிச்சத்தை எலக்ட்ரான்களின் இன்னொரு இயல்போடு பிறகு படிப்பீர்கள் என்பது அந்த வயதுக்கு நேர்மையான பதில். காந்தத்தைத் தொடாமல் திருப்பிப் பார்த்தவர்களுக்கு அது சட்டென்று பிடிபடுகிறது.

ஒரு வருடம் மைதானத்தில் மாணவர்களையே எலக்ட்ரான்களாகச் சுற்றி ஓடவிட்டேன். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள், படம் எடுத்தார்கள். விளைவு, அந்த வகுப்பு முழுவதும் அணு என்றால் சூரியக் குடும்பம் என்ற முடிவோடு மேலே போனது. ரூதர்ஃபோர்டின் 1911 கட்டுரையே மையத்தில் செறிந்த சுமையைப் பற்றித்தான் பேசுகிறது, கோள்களைப் போன்ற சுற்றுப்பாதைகளை அது வரைந்து வைக்கவில்லை. பாராட்டு கிடைத்த அந்தச் செயல்பாட்டை விடுவதற்குத்தான் எனக்கு மனமே வரவில்லை. விட்டுவிட்டேன்.

நீல்ஸ் போருக்கு எட்டாம் வகுப்பில் ஒரு பீரியட். சுற்றும் எலக்ட்ரான் ஆற்றலை இழந்து வினாடியின் கோடியில் ஒரு பங்குக்கும் மிகக் குறைந்த நேரத்தில் உள்ளே விழுந்திருக்க வேண்டும், விழவில்லையே என்ற சங்கடத்தைச் சொல்லி, பழைய சி.டி.யைக் கொடுத்து சி.எஃப்.எல். விளக்கின் பிம்பத்தைப் பார்க்கச் சொல்வேன். தனித்தனி நிறங்களாகப் பிரிந்து தெரியும். சூரியனை மட்டும் சி.டி.யில் பார்க்கவிடாதீர்கள். 1913, எலக்ட்ரான் குறிப்பிட்ட ஆற்றல் மட்டங்களில்தான் இருக்க முடியும் என்ற போரின் யோசனை, அதோடு சரி. அணுக்கருவுக்குள் இருக்கும் சுமையற்ற துகளான நியூட்ரானுக்கு 1932 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை ஒரு வரியில் சொல்லலாம்.

தேர்விலும் மாற்றிவிட்டேன். ‘ரூதர்ஃபோர்டின் அணு மாதிரியை விளக்குக’ என்பதற்குப் பதில், ‘எல்லா ஆல்ஃபா துகள்களும் ஏறக்குறைய நேராகவே போயிருந்தால் எந்த மாதிரி பிழைத்திருக்கும்? ஏன்?’ என்று கேட்கிறேன். மனப்பாடக்காரர்கள் முதல் முறை திணறுவார்கள். பெற்றோர் சிலர் வந்து “புத்தகத்துல இல்லாத கேள்வி” என்று குறைபட்டதும் உண்டு. மொத்தம் எட்டு பீரியட் பிடிக்கிறது, முன்பு இரண்டு. அதை ஈடுகட்ட வேறு ஒரு பாடத்தைச் சுருக்குகிறேன். எதை என்று இங்கே சொல்லப் போவதில்லை.

பெட்டிகள் இன்னும் அலமாரியில்தான் இருக்கின்றன. ஐந்தில் என்ன வைத்தேன் என்று தெரியும். நான்காம் எண் பெட்டி மட்டும் எனக்கே மறந்துவிட்டது. டேப் மஞ்சளாகிவிட்டது, எழுதிவைத்த தாளும் காணோம். ஏதோ உருள்கிறது, ஓரிடத்தில் தடுக்குகிறது, காந்தத்துக்கு அசைவதில்லை. இந்த வருடம் அந்தப் பெட்டி கிடைத்த குழுவோடு நானும் உட்கார்ந்து ஒரு படம் வரைந்தேன். அவர்கள் என் படத்தை ஒத்துக்கொள்ளவில்லை.